ஒட்டு மரத்துக் கொட்டை

கந்தர்வக்கோட்டையில் அக்கா வீட்டு ஃப்ரீசரில் ஐஸ்க்ரீம் இருந்து நான் பார்த்ததில்லை. தண்ணீர் ஊற்றிக் கட்டி உறைய வைத்த பிளாஸ்டிக் பைகள்தான் இருக்கும். மாப்ளைக்கு முட்டி வீங்கினால் துணியில் சுற்றி வைக்க. அக்கா மகனுக்குத் தீவிர ஹீமோபிலியா ஏ. ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணி அவன் உடம்பில் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. அடிபட வேண்டும் என்றில்லை, சும்மா இருக்கும்போதே மூட்டுக்குள் கசியும். தஞ்சாவூருக்கோ புதுக்கோட்டைக்கோ முப்பது கிலோமீட்டர் ஓடி ஃபேக்டர் ஊசி போட வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம்தான். ஆனால் ஏற்றியதில் பாதி பன்னிரண்டு மணி நேரத்திலேயே தீர்ந்துபோகும்.

2024 டிசம்பரில் வேலூர் செய்தி வந்தது. சிஎம்சி மருத்துவமனையில் டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா குழுவினர், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்குச் செய்த மரபணு சிகிச்சை. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் கட்டுரை. படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

முதலில் அது என் வேலை மொழியில்தான் புரிந்தது. எட்டாம் காரணிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. தீவிர நோயாளிகளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்கு ஒரே வகைப் பிழை, ‘இன்ட்ரான் 22’ தலைகீழாதல். எழுத்துப்பிழை இல்லை, புத்தகத்தில் பல பக்கங்களைப் பிய்த்துத் திருப்பி ஒட்டிய மாதிரி. வேலூரில் அதைத் திருத்தவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். நோயாளியின் ரத்தத்திலிருந்தே குருத்தணுக்களைப் பிரித்தெடுத்து, சரியான மரபணுவின் ஒரு பிரதியை அவற்றுக்குள் செருகினார்கள். சுமந்து போவது லென்டிவைரஸ். எச்ஐவி குடும்பத்து வைரஸ்தான், பெருகும் சக்தியைப் பிடுங்கிவிட்டு வண்டியாக மட்டும் வைத்திருக்கிறார்கள். செருகிய மரபணுவும் முழுக்க மனிதனுடையது இல்லை, கூடுதலாகச் சுரப்பதற்காகப் பன்றியின் எட்டாம் காரணியிலிருந்து சில பகுதிகளைச் சேர்த்தது.

பிறகு வலுவான கீமோ மருந்து கொடுத்து பழைய மஜ்ஜையைக் காலி செய்து, மாற்றிய அணுக்களை நரம்பு வழியாகத் திருப்பி ஏற்றினார்கள். அவை மஜ்ஜையில் போய் உட்கார்ந்து பெருகின. அவற்றிலிருந்து வரும் ஒருவகை வெள்ளணுக்கள் எட்டாம் காரணியைச் சுரந்தன. ஐந்து பேரையும் சேர்த்து 81 மாதக் கண்காணிப்பில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை.

வெளிநாட்டில் இதற்கு முன்பே ராக்டேவியன் வந்துவிட்டது. 2023இல் அதன் அமெரிக்க விலை 29 லட்சம் டாலராக இருந்தது. அது கல்லீரலுக்குப் போவது. அங்கே மரபணு பெரும்பாலும் குரோமோசோமில் ஒட்டாமல் தனியாக நிற்பதால் வருசம் போகப்போகச் சுரப்பு குறைகிறது. வேலூர் முறையில் குருத்தணுவின் குரோமோசோமிலேயே ஏறிவிடுவதால், அணு பிரியும்போது பிரதியும் கூடவே போகும். பயமும் அதே இடத்தில்தான். எந்த இடத்தில் ஏறும் என்று சொல்ல முடியாது. 2000களின் தொடக்கத்தில் பாரிஸில் வேறொரு நோய்க்கு, பழைய வகை வைரஸை வைத்துச் செய்த சிகிச்சையில் சில குழந்தைகளுக்கு ரத்தப்புற்று வந்தது. அதனால்தான் இத்தனை வருசம் கூடவே நின்று பார்க்கிறார்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். திண்ணையில் முந்திரிக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் பால் பட்டுக் கறுத்திருந்தது.

“புள்ளைக்கு இப்பவே செய்வாங்களா தம்பி?”

“இல்லக்கா. அஞ்சு பேரும் இருபத்திரண்டு வயசுக்கு மேல. இன்னும் ஆராய்ச்சிதான். இவனுக்குப் பதினாறு.”

“செஞ்சா இவனோட போயிருமா? இவன் புள்ளைகளுக்கு வராதுல்ல?”

அந்த இடத்தில் எனக்கு வாய் அடைத்தது. மாறுவது ரத்த அணு மட்டும். விந்தணுவில் பழைய மரபணு அப்படியே இருக்கும். அவனுக்குப் பிறக்கிற பெண் பிள்ளைகள் எல்லோரும் அதைச் சுமப்பார்கள். தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அக்கா கொட்டையைக் கீழே வைத்தாள். “ஒட்டு மரத்துக் கொட்டைய ஊன்றுன மாதிரி.”

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் முந்திரித் தோப்பைச் சாய்த்துவிட்டுப் போனது. பிறகு வைத்ததெல்லாம் ஒட்டுக்கன்று. மேலே நல்ல ரகம், அடியில் ஏதோ ஒரு நாட்டு வேர். மரம் நன்றாகக் காய்க்கும். ஆனால் அதன் கொட்டையை ஊன்றினால் அதே மரம் வராது. நான் அரை மணி நேரம் சொன்னதை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

“எங்க வீட்டு ரத்தம்னு உங்க மாமா வீட்ல சொல்லுவாங்க. சரியாத்தான் சொல்லியிருக்காங்க” என்றாள் சிரிக்காமல். அம்மாவின் தம்பி ஒருவர் ஆறு வயதில், பல் விழுந்து ரத்தம் நிற்காமல் செத்துப்போனார். சாமி குத்தம் என்று எங்கள் வீட்டில் கிடா வெட்டினார்கள். அது நோய் என்று தெரிவதற்கு மாப்ள பிறக்க வேண்டியிருந்தது.

உள்ளேயிருந்து அக்கா மகள் வந்தாள். காலேஜ் இரண்டாம் வருசம். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். “மாமா, அப்ப நான்?”

அம்மாவிடம் ஒரு பழுதான எக்ஸும் ஒரு நல்ல எக்ஸும். எது மகளுக்கு வந்தது என்பது பாதிக்குப் பாதி. பத்து வருசமாக இந்த நோயைப் பற்றிப் படிக்கிறேன், இந்தக் கணக்கும் தெரியும். இவளை வைத்து ஒருநாளும் அதைப் போட்டுப் பார்த்ததில்லை.

“எனக்கு ஒவ்வொரு மாசமும் ஒம்பது நாள், பத்து நாள் போகும். அம்மாட்ட கேட்டா நம்ம வீட்ல அப்படித்தான்பாங்க.”

“எனக்கும் அப்படித்தான்டி இருந்துச்சு” என்றாள் அக்கா.

சுமக்கும் பெண்களிலும் பலருக்குக் காரணி குறைவாகவே இருக்கும், அவர்களுக்கும் ரத்தம் போகும். மகன் முட்டி எத்தனை சென்டிமீட்டர் வீங்கியது என்று டேப் வைத்து நோட்டில் எழுதும் வீடு அது. மகளின் பத்து நாளை யாரும் எழுதவில்லை.

அக்காவுக்கு மனசில்லை. “சோதிச்சுட்டா நாளைக்கு மாப்பிள்ளை வீட்ல சொல்லணும். சொன்னா யாரு கட்டுவா?” நான் வாய் திறக்கும் முன் மகள் சொன்னாள்: “அவங்களுக்கு இல்லம்மா. எனக்குத் தெரியணும்.”

போன மாதம் முடிவு வந்தது. தம்பிக்கு இருக்கும் அதே தலைகீழ் அவளிடமும் இருந்தது. எட்டாம் காரணி 31 சதவீதம். நாற்பதுக்குக் கீழே என்றால் லேசான ஹீமோபிலியா என்றுதான் கணக்கு. வேலூரில் முதல் இருவருக்கு ஏறியது ஒற்றை இலக்கம்தான். அதை வைத்தே கசிவு இல்லாமல் இருந்தார்கள். அவளிடம் பிறவியிலேயே 31 இருந்தும், மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு சோர்ந்து கிடந்திருக்கிறாள். ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தச் சாதாரண மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார்கள். விலையும் அதிகமில்லை.

வேலூர்ச் சிகிச்சை என்றைக்காவது மாப்ளைக்குக் கிடைக்க வேண்டும். அதற்காக நான் இன்னமும் படித்துக்கொண்டிருக்கிறேன். அது வந்தாலும் அவன் தலைமுறையோடு இது முடியாது. அவன் மகளிடம் யாராவது உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.

நேற்று அக்கா போன் செய்தாள். முட்டி அளவு எழுதும் நோட்டில் மகளுக்கும் பின்னாலிருந்து ஒரு பக்கம் போட்டிருக்கிறாளாம். “இந்த மாசம் ஆறு நாளுதான் தம்பி” என்றாள். பிறகு கொஞ்சம் நிறுத்தி, “எனக்கும் டெஸ்ட் எடுக்கலாமா?” என்று கேட்டாள்.