இலைக்கு ஊட்டுவது

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் 'பம்ப்' என்றால் ஒரே அர்த்தம்தான்: மருந்து. குணமாக்குகிற மருந்து இல்லை, புல்லைச் சாகடிக்கிற மருந்து. நெகிரி செம்பிலானில், ரந்தாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் என் பெரியம்மா பத்தொன்பது வருடம் அந்தப் பம்பை முதுகில் சுமந்தார். செம்பனையைச் சுற்றி வட்டமாக அடிக்க வேண்டும். காற்று திரும்பினால் எல்லாம் முகத்துக்குத்தான் வரும். அவருடைய நகங்கள் இன்னும் கோணலாகவே வளர்கின்றன. மூக்கில் ரத்தம் வந்த நாட்களை 'ஒடம்பு சூடு' என்றுதான் சொல்வார்.

அது சூடு மட்டும் இல்லை. தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களைப் பற்றி 2002இல் தெனாகனித்தா அமைப்பு வெளியிட்ட ஆய்வில் இதே நகம், இதே மூக்கு ரத்தம் பதிவாகியிருக்கின்றன. பாரகுவாட்டுக்கு அதே ஆண்டு தடை அறிவித்தார்கள். 2006இல் தளர்த்தினார்கள். 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத்தடை. அதற்குள் பெரியம்மா வேலையை விட்டு நின்றுவிட்டார்.

இப்போது லயத்துக்குப் பின்னால் கத்தரி, வெண்டி, மிளகாய் போட்டிருக்கிறார். நான் நீலாயில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். வார விடுமுறையில் போய், அவருடைய செடிகளுக்கு இலைவழி உரம் கொடுக்கிறேன். புது பம்பைப் பார்த்ததும் அவர் சொன்னது: "அத வீட்டுக்குள்ள கொண்டு வராத தம்பி."

அதில் ஊற்றப்போவது மீன் அமிலம் என்று விளக்கினேன். மீன் கழிவும் வெல்லமும் சம எடை, மூடி வைத்து மூன்று வாரம் போல விட்டால் தேன் மாதிரி ஒரு சாறு இறங்கும். "இலைக்குச் சோறு ஊட்டுறியாக்கும்" என்று சிரித்தார். கிட்டத்தட்ட அதுதான்.

ஆனால் இலைக்கு வாய் சிறியது. மேலே மெழுகுப் பூச்சு. மூச்சுத் துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான். துளி காய்ந்துவிட்டால் உள்ளே போவதும் ஏறக்குறைய நின்றுவிடும். அதனால் உச்சி வெயிலில் அடிப்பது வீண். நம் ஊரில் மாலையில் மழை அடித்துக்கொண்டு போய்விடும். பனி கொஞ்சம் காய்ந்த காலை நேரமே நல்லது. கரைசலைத் துணியில் இரண்டு தடவை வடிகட்ட வேண்டும், இல்லாவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும். சேம்பு இலையில் தண்ணீர் உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல ஓடாமல் பரவ, சில சொட்டு சோப்புக் கரைசல் போதும்.

அளவு இன்னும் முக்கியம். மீன் அமிலம் லிட்டருக்கு 5 மில்லி. தமிழ்நாட்டில் கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யம் என்றால் நூறு லிட்டருக்கு மூன்று லிட்டர், அதாவது 16 லிட்டர் பம்புக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. கூட ஊற்றினால் இலை கருகும். முதலில் நாலைந்து இலையில் அடித்து இரண்டு நாள் பார்க்க வேண்டும். பஞ்சகவ்யத்தில் சாணம் இருப்பதால் அறுவடை நெருங்கிய கீரையில் அடிக்கக்கூடாது. களைக்கொல்லி ஊற்றிய பம்பை எத்தனை தடவை கழுவினாலும் இதற்கு எடுக்கவே கூடாது.

இவை நான் படித்தவை. எனக்குத் தெரியாததைப் பெரியம்மா சொல்லிக்கொடுத்தார். காற்றுக்கு முதுகு காட்டி, அடித்த இடத்துக்குள் திரும்ப நுழையாமல் பின்னால் நடப்பது எப்படி, கை ஒரே சீராக அழுத்த, கால் ஒரே வேகத்தில் நகர்வது எப்படி என்று நடந்தே காட்டினார். எங்கள் பாஷையில் அது கேலிபரேஷன். அவருக்கு அது பத்தொன்பது வருடச் சம்பளம். "மேல அடிக்காத, குனிஞ்சு கீழ அடி" என்றார். இலையின் அடிப்பக்கத்தைப் பற்றி நான் அதுவரை எதுவும் சொல்லியிருக்கவில்லை.

இலைவழி உரத்தை எல்லாவற்றுக்கும் தீர்வு என்று விற்கிறவர்களை நம்ப வேண்டாம். துளிர் மஞ்சளாகிப் பழைய இலை பச்சையாக இருந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. அதற்கு ஏற்ற சத்தை இலைவழி கொடுத்தால் சீக்கிரம் பலன் தெரியும். பழைய இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். அதை மண்தான் கொடுக்க வேண்டும். காய்க்கிற ஒரு செம்பனைக்கு வருடத்துக்குக் கிலோ கணக்கில் பொட்டாஷ் தேவை. அதை இலையில் தெளித்து ஈடுகட்டவே முடியாது. சோறு மண்ணில், மேலே தெளிப்பது ஊறுகாய்.

இதைச் சொல்லி, முதலில் மக்கு உரம் போட்டு மண்ணை வளமாக்கலாம், மூன்று வருடத்தில் பாருங்கள் என்றேன். பெரியம்மா கேட்டார்: "மூணு வருசம் இந்த வீட்ல இருப்பமா?"

அவருடைய மகன் தோட்டத்தில் லாரி ஓட்டுவதால்தான் அந்த வீடு அவர்களிடம் இருக்கிறது. நீலாய், சிரம்பான் பக்கம் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. மண்ணைத் திருத்தச் சொல்கிற புத்தகங்கள் எல்லாம் மண் உன்னுடையது என்று எடுத்துக்கொண்டு பேசுகின்றன. நான்கு தலைமுறையாக அடுத்தவர் மண்ணில் நிற்பவர்களுக்குச் சீக்கிரம் பலன் காட்டுகிற உரம்தான் நியாயமாகத் தெரியும். அவர் இலைக்கு ஊட்டச் சம்மதித்தது சோம்பலால் அல்ல, கணக்கு தெரிந்ததால்.

போன மாதத்திலிருந்து மக்கு உரத்தைப் பழைய பெயிண்ட் வாளிகளில் நிரப்பி, மிளகாயை அதில் நடுகிறோம். பன்னிரண்டு வாளி ஆகிவிட்டது. லாரியில் ஒரே நடையில் ஏற்றிவிடலாம் என்று அண்ணன் சொல்கிறார்.