அரை மணி தள்ளிப் போன சிங்கப்பூர்

சிங்கப்பூர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் எங்கள் அப்பாயி நாள் கணக்கில்தான் சொல்லும். தாத்தா போனது ரஜூலா கப்பலில். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். பிறகு பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சேர ஒரு வாரம் போல ஆகும். ஏறின ஆள் நல்லபடியாக இறங்கினாரா என்பது கடிதம் வந்தால்தான் தெரியும். பின்னால் வந்த சிதம்பரம் கப்பலும் அதே தடத்தில்தான் ஓடியது, 1985-இல் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்துபோகும்வரை.

அப்பா விமானத்தில் போனவர். பள்ளிக்கூட அட்லஸில் அம்மாவின் தையல்நூலை மெட்ராசுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே இழுத்துப் பிடிப்பேன். நூல் வங்கக்கடலைக் குறுக்காகத் தாண்டி, நிக்கோபாரை ஒட்டி, சுமத்ராவின் வடமுனை மேலேறி, மலாக்கா நீரிணைப் பக்கம் இறங்கும். ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். நாலு மணி நேரப் பறப்பு. எங்கள் ஊர் ரயிலுக்கோ மெட்ராஸ் போய்ச் சேரவே ஒரு ராத்திரி முழுக்க வேண்டும்.

நூலைவிட நான் அதிகம் நம்பியது சுவர்க் கடிகாரத்தை. இரண்டு மணி கூட்டினால் அப்பா. நான் எட்டு மணிக்குச் சோறு தின்னும்போது அங்கே பத்து, படுத்திருப்பார். காலை ஆறுக்கு நான் கண் விழிக்கும்போது ஷிப்யார்டில் அவருக்கு வேலை தொடங்கியிருக்கும். அந்தக் கூட்டல் கையில் இருந்தவரை அவர் பக்கத்தில் எங்கோதான் இருந்தார்.

அப்புறம் ஒரு ஏரோகிராம் வந்தது. மலேசியா முழுக்க ஒரே நேரமாக்குகிறார்கள், சிங்கப்பூரும் கூடவே மாறுகிறது, 1982 புத்தாண்டிலிருந்து இரண்டரை மணி வித்தியாசம் என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

அந்த டிசம்பர் 31 ராத்திரி நான் தூங்கவில்லை. நமக்கு ஒன்பதரை ஆகும்போது அங்கே பதினொன்றரை. உடனே முள்ளைத் தள்ளிப் பன்னிரண்டு ஆக்கிவிடுவார்கள். எங்கள் கடிகாரம் ஒன்பதரைக்கு ஒரு தரம் அடித்தது. வங்கக்கடல் ஒரு முழம்கூட அகலவில்லை, ஆனாலும் அப்பா அரை மணி தள்ளிப் போய்விட்டார். அழுதேன். ஏன் என்று அம்மா கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

என்னைத் தேற்றியதும் கணக்குதான். இங்கே ராத்திரி பத்துக்குக் கிளம்பினால் அங்கே இறங்கும்போது விடிகாலை நாலரை. கடிகாரப்படி ஆறரை மணி. அங்கே ராத்திரி எட்டுக்குக் கிளம்பினால் மீனம்பாக்கத்தில் ஒன்பதரை. கடிகாரப்படி ஒன்றரை மணிதான்! பறிபோன அந்த அரை மணி, திரும்பி வரும்போது நம் பக்கம் சேர்ந்துவிடுகிறது.

கொல்லைக்கு ஓடினேன். "அப்பாயி, அப்பா போறதுக்கு ஆறரை மணி, வர்றதுக்கு ஒன்றரை மணிதான்."

அப்பாயி அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "அப்ப ஒங்கப்பனை வந்துடச் சொல்லி எழுது," என்றது. "போறதுக்குத்தானே நேரமாவுது."