மிலாறு அடுப்பும் நாங்களும்

2022 மார்ச் 31ஆம் திகதி இலங்கையில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். திடீரென்று வந்ததில்லை அது. அந்த மாதத் தொடக்கத்தில் ஏழரை மணித்தியாலம், பிறகு பத்து, அப்புறம்தான் பதின்மூன்று. நாட்டில் டொலர் இல்லை, டொலர் இல்லாததால் எண்ணெய் இல்லை, எண்ணெய் இல்லாததால் கரண்ட் இல்லை. ஊர்களை ஏ, பி, சி என்று எழுத்துகளாகப் பிரித்து அட்டவணை போடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாதவர்களுக்குக்கூட தங்கள் எழுத்து எது, எத்தனை மணிக்குப் போகும் என்பது மனப்பாடம்.

நாங்கள் அப்போது பதுளை டவுனில் ஒரு வாடகை அறையில் இருந்தோம். ஒரு ரைஸ் குக்கர், ஒரு கேத்தல், ஒற்றை கேஸ் அடுப்பு, இவ்வளவுதான் எங்கள் குசினி. அரிசியைக் கழுவிப் போட்டு பட்டனை அமத்திவிட்டு போனை நோண்டினால் சோறு தானாக வெந்திருக்கும். சமைக்கத் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோம். கரண்ட்டும் போய், கேஸும் முடிந்த அந்த வாரத்தில்தான், எங்களுக்குத் தெரிந்தது பட்டன் அமத்த மட்டும்தான் என்று விளங்கியது. மூட்டையைக் கட்டிக்கொண்டு பசறை ரோட்டில் இருக்கிற எங்கள் தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்தோம்.

தோட்டத்தில் மட்டும் கேஸ் இருந்ததா? இல்லை. ஆனால் மிலாறு இருந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம்: சில வருசத்துக்கு ஒருக்கா தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவார்கள். வெட்டி விழுகிற கிளைகள்தான் மிலாறு. காய்ந்தால் நன்றாகப் பிடித்து எரியும். ஆனால் மெல்லிசு, சடசடவென்று எரிந்து முடிந்துவிடும். பக்கத்திலேயே உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஏப்ரல் மாதம் எங்கள் பக்கம் பின்னேரமானால் இடியோடு மழை. நனைந்த மிலாறை அடுப்புக்கு மேலே பரணில் போட்டுக் காயவைத்து, மறுநாளைக்கு எடுக்க வேண்டும். அதாவது நாளைக்குச் சமைக்கிற சோற்றுக்கு இன்றைக்கே யோசிக்கணும்.

முதல் நாள் ஊதி ஊதிக் கண் சிவந்ததுதான் மிச்சம். அம்மாயி வந்து எங்களைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். "ஊதுனா பத்தாது புள்ளைகளா, காத்துப் போக வழி வச்சு அடுக்கணும். அடுக்கிட்டுச் சும்மா இருங்க." அந்தச் 'சும்மா இருங்க' என்பதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு கேத்தல் தண்ணி கொதிப்பதற்குள் மூன்று தடவை போனை எடுத்துப் பார்த்தோம், அதில் சார்ஜ் இல்லை என்று தெரிந்தும்.

இரவில் குப்பி லாம்பு. 2021ஆம் வருசத்து ஓ.எல். பரீட்சை தள்ளித் தள்ளிப் போய் 2022 மே 23ஆம் திகதிதான் தொடங்கியது. எங்கள் தங்கச்சி அந்த லாம்புப் புகையில்தான் கணக்குப் படித்தாள். காலையில் மூக்கைச் சீந்தினால் கறுப்பாக வரும். அதே ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனதும் லாம்பைக்கூட ஏழரைக்கே அணைத்தோம். இருட்டில் வேறு என்ன செய்ய, இஸ்தோப்பில் உட்கார்ந்து கதைதான். அம்மாயி சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்ததெல்லாம் அந்த மாதங்களில்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. அது நல்ல காலம் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது.

ஆனால் அப்படிச் சொன்னவர்களைப் பார்த்தபோது எரிச்சலும் வந்தது. மண் சட்டியில் விறகுச் சோறு, அந்தக் காலம் பொற்காலம், நெருக்கடி நமக்குப் பொறுமையைச் சொல்லித் தந்தது என்றெல்லாம் படத்தோடு போட்டார்கள். யாருடைய பொறுமை? எங்கள் வீட்டில் அம்மா காலை நாலு மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, மலைக்குப் போய் நாள் முழுக்கக் கொழுந்து எடுத்து, திரும்பி வரும்போது தலையில் ஒரு கட்டு மிலாறு. நாங்கள் பொறுமை படித்த அந்த அடுப்புக்கு விறகு சுமந்தது அவர். இரண்டாவது வாரத்திலிருந்து விறகு எங்கள் வேலை என்று எடுத்துக்கொண்டோம். கட்டைத் தூக்கி அரை மைல் ஏறியபோதுதான் அந்தப் பொற்காலத்தின் நிறை கழுத்தில் தெரிந்தது.

கணக்கையும் பாருங்கள். பன்னிரண்டரை கிலோ கேஸ் சிலிண்டர் 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாய், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய். தோட்டத்தில் அப்போது நாள் சம்பளம் 1,000 ரூபாய், அதுவும் சொன்ன கிலோ எடுத்தால். ஐந்து நாள் கொழுந்துக்கு ஒரு சிலிண்டர். டவுனில் பொறுமை என்பது கியூவில் நிற்பது, எப்படியும் ஒருநாள் முடியும். லயத்தில், ரோட்டுக்கு, வீட்டுக்கு, காணிக்கு என்று பொறுத்திருந்து பொறுத்திருந்து 2023இல் மலையகத்துக்கு 200 வருசம் என்று நினைவுகூர்ந்தோம். இவர்களுக்குப் பொறுமையைப் பற்றி வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

பிறகு கேஸ் வந்தது, விலையும் கொஞ்சம் இறங்கியது. இப்போது வீட்டில் காலைத் தேத்தண்ணி கேஸில், ராத்திரிச் சோறு விறகில். லயத்துக் குசினியில் புகை போக வழியில்லாததால் அம்மாவுக்கு இருமல் விடவில்லை. போன மாதம் அவரிடம் கேட்டோம், கரண்ட் இல்லாத அந்த நாட்களில் நாம் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து கதைத்தது ஞாபகம் இருக்கா என்று. பீலியில் துவைத்த துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "இருக்கு, இருக்கு. எனக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கிக் குடுங்க, அப்புறம் ராத்திரி பூரா ஒக்காந்து கதைக்கிறேன்."

அதற்காகச் சீட்டுப் பிடித்திருக்கிறோம். இது நாலாவது மாதம்.