சாய்த்தால் இருளும் திரை

மகளின் பழைய மடிக்கணினியை விற்க நினைத்திருந்த வாரத்தில் அதன் திரை இருளத் தொடங்கியது. மூடியைப் பின்னுக்குச் சாய்த்தால் ஒளி போய்விடும். நிமிர்த்தினால் திரும்பி வரும்.

இஷாவுக்குப் பின் இருவரும் அமர்ந்து சோதித்தோம். எச்.டி.எம்.ஐ. கேபிள் மூலம் தொலைக்காட்சியில் இணைத்தபோது படம் தெளிவாக வந்தது. ஆகவே கோளாறு கணினியின் உள்ளே அன்று, திரைப் பக்கத்தில்தான். இருண்ட திரையில் டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சினோம். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. படம் இருக்கிறது, பின்னொளிதான் இல்லை. மூடியின் அசைவோடு அது வந்துபோவதால், கீல் வழியே திரைக்குச் செல்லும் கேபிள் நைந்திருக்க வேண்டும் என்று கருதினோம்.

வாங்க வரவிருந்தவர் ஒரு கல்லூரி மாணவர். மூடியை நிமிர்த்தி வைத்தால் குறையே தெரியாது. விற்கும் பணமோ அவளுடைய தேர்வுக் கட்டணத்துக்கு உரியது.

“அவர் கேட்டால் சொல்லலாமே, வாப்பா?” என்றாள்.

தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்து ஈரத்தைக் கண்ட நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. நனைத்தது மழை, வணிகர்மீது அதில் குற்றமில்லை. ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைக்காததையே நபியவர்கள் கண்டித்தார்கள். இதைச் சொன்னபோது அவள் மறுமொழி கூறவில்லை.

மாணவர் வந்ததும் மூடியைத் தானே சாய்த்துக் காட்டினாள். அவர் யோசித்துச் சொல்வதாகக் கூறிச் சென்றார், திரும்பவில்லை. கட்டணத்துக்கு வேறு வழி தேட வேண்டியதாயிற்று. இப்போது அவளது விற்பனை விளம்பரத்தின் முதல் வரியே திரைக் கேபிளைப் பற்றியது.