பொருத்தம்

முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவன் யான். நிலைமொழியும் வருமொழியும் எவ்வாறு புணரும் என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி விளக்கியவன். ஓய்வு பெற்றபின் ஒரு பழைய காருக்கு எஞ்சின் தேடி ஊர் ஊராக அலைவேன் என்று கனவிலும் கருதியதில்லை. ஆயினும் அலைந்தேன். அவ்வலைச்சலில் கற்ற பாடத்தையே இங்கு உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

அந்தக் கார் என் தமையனார்க்கு உரியது. 1977-ஆம் ஆண்டில் வாங்கிய அம்பாசிடர். மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கிலக் காரை முன்மாதிரியாகக் கொண்ட அவ்வகை வண்டி, வங்காளத்தில் உத்தரபாரா என்னும் ஊரில் 2014-ஆம் ஆண்டு வரை செய்யப்பட்டது. எங்கள் தந்தையார் இளமையிலேயே மறைந்தார். தமையனார் கும்பகோணத்தில் அவ்வண்டியை வாடகைக்கு ஓட்டிக் குடும்பத்தைக் காத்தார். மணமக்களையும், மகப்பேற்றுக்குச் செல்லும் மகளிரையும், நள்ளிரவில் நோயாளரையும் அவ்வண்டி சுமந்தது. அதன் வருவாயிலேதான் யான் திருவையாற்றில் புலவர் வகுப்பில் பயின்றேன். ஆகவே, எனக்குத் தமிழ் தந்தது அவ்வண்டி என்று கூறினும் மிகையாகாது.

சென்ற கோடையில் தமையனாரை அழைத்துக்கொண்டு தஞ்சையிலிருந்து திரும்பினேன். வண்டியை ஓட்டியவன் யானே. வழியில் ரேடியேட்டர்க் குழாய் வெடித்து நீர் முழுதும் வடிந்துவிட்டது. வெப்பம் காட்டும் முள் மேலேறியதை யான் கவனிக்கவில்லை. ஏதோ ஒரு செய்யுளின் பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு முறிவோசை எழுந்தது, வண்டி நின்றது.

பழுது பார்க்கும் தம்பி எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார். "ஐயா, தேய்மானம் மட்டும் என்றால் மறுபடி கடைந்து, பெரிய பிஸ்டன் போட்டுவிடலாம். முன்பே இரண்டு முறை அப்படிச் செய்தாயிற்று. இப்போது பிளாக்கே விரிந்துவிட்டது. இரும்புக் கடைக்குப் போட்டுவிடுங்கள்" என்றார். தமையனார் என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. மறுநாட் காலையில், எண்பது வயதைக் கடந்த அவர், வழக்கம்போல் ஈரத்துணியுடன் வெளியே வந்து, ஓடாத அவ்வண்டியின் தூசியைத் துடைக்கலானார். அக்காட்சி என் நெஞ்சைச் சுட்டது. எவ்வாறேனும் மாற்று எஞ்சின் தேடுவதென்று உறுதி கொண்டேன்.

பெருவலி படைத்த எஞ்சின் ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் போதும் என்று யான் எண்ணினேன். அந்தத் தம்பி சிரித்தார். பின்னாளில் வந்த அம்பாசிடர்களில் 1817 கன சென்டிமீட்டர் அளவுள்ள இசுசு எஞ்சின் உண்டு. எங்கள் வண்டியின் எஞ்சினோ 1489 அளவினது. இசுசு வலிமை மிக்கதுதான். ஆனால், அதற்கு ஐந்து கியர்களைக் கொண்ட தனிக் கியர்பாக்ஸ் வேண்டும். எஞ்சினைத் தாங்கும் இடங்களை மாற்ற வேண்டும். பின்சக்கரங்களுக்கு ஆற்றலைக் கொண்டு செல்லும் தண்டின் நீளமும் மாறும். "ஒன்றை மாற்றினால் ஒன்பதை மாற்ற வேண்டும், ஐயா" என்றார் அவர்.

டீசல் எஞ்சின் ஒன்றும் இருந்தது. அதுவும் 1489 அளவினதே. அளவு ஒன்றாயிருத்தலின் பொருந்துமன்றோ என்று வினவினேன். "எண் ஒன்றுதான், குணம் வேறு. பெட்ரோலைப் பொறி பற்றவைக்கும். டீசல் அழுத்தத்தின் வெப்பத்திலேயே எரியும். எரிபொருட் குழாய் முதல் பதிவுச் சான்று வரை எல்லாம் மாறும்" என்று விளக்கினார். எண் ஒத்தால் இனம் ஒக்கும் என்று கருதிய என் பேதைமையை உணர்ந்தேன். இறுதியில், அதே வகைப் பெட்ரோல் எஞ்சினைத் தேடுவதே தக்கது என்று முடிவு செய்தோம்.

இருவரும் சென்னைக்குச் சென்றோம். புதுப்பேட்டை என்பது பழைய வண்டிகளின் உறுப்புகள் விற்கும் தெருக்களால் பெயர் பெற்றது. அங்கே ஒரு கடையில் நாங்கள் தேடியதே கிடைத்தது, விலையும் குறைவு. என் உள்ளம் துள்ளியது. ஆனால், பிளாக்கில் எண் இருக்க வேண்டிய இடம் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தது. "உங்கள் பழைய எண்ணையே இதில் வெட்டித் தருகிறோம்; ஒருவருக்கும் தெரியாது" என்றார் கடைக்காரர்.

யான் தயங்கினேன் என்பதை மறைக்கமாட்டேன். வீட்டில் தமையனார் காத்திருக்கின்றார். வேறோர் எஞ்சின் கிடைக்குமோ கிடைக்காதோ? ஆயினும், எண் அழிந்த எஞ்சின் யாருடைய வண்டியிலிருந்து எவ்வாறு வந்ததோ? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றுக்கு மாறாக வண்டியை மாற்றியமைத்தலைத் தடுக்கின்றது. அதனினும் மேலாக, ஒரு குற்றத்தை மறைக்க மற்றொரு பொய்யை இரும்பில் வெட்டி என் தமையனார் கையில் கொடுப்பதோ? அவர் ஈட்டிய நேர்மையான பொருளிற் கற்றவன் அன்றோ யான்? வெறுங்கையுடன் திரும்பினோம்.

மூன்று திங்கள் கழிந்தபின், காரைக்குடிக்கு அருகில் ஒரு சிற்றூரில், மரத்தடியில் துருப்பிடித்துக் கிடந்த அம்பாசிடர் ஒன்று இருப்பதாக என் பழைய மாணவர் ஒருவர் சொல்லியனுப்பினார். வண்டியின் உடல் மண்ணோடு மண்ணாகியிருந்தது. எஞ்சின் மட்டும் நன்றாக மூடப்பட்டிருந்தது. தம்பி சிலிண்டர்களில் சிறிது எண்ணெய் விட்டு, ஒருநாள் பொறுத்து, கைப்பிடியால் மெல்லச் சுழற்றினார். தடையின்றிச் சுழன்றது. பிளாக்கின் எண்ணும் சான்றின் எண்ணும் ஒத்திருந்தன. வீட்டிற்குரிய மூதாட்டியார் தாள்களனைத்தையும் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்து, "அவர் ஓட்டியது, மறுபடி ஓடினால் போதும்" என்று மட்டும் கூறினார்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இசைவு பெற்றபின், எஞ்சினைப் பொருத்தும் நாள் வந்தது. யான் அருகிலேயே அமர்ந்திருந்தேன். ஒரே வகையாயினும் அது அப்படியே அமர்ந்துவிடவில்லை. மின்னாக்கியைத் தாங்கும் பட்டை அதில் இல்லை. பழையதிலிருந்து கழற்றிச் சேர்த்தார். ஒரு குழாயைச் சற்றே வளைத்தார். வேண்டாத இணைப்பு ஒன்றை நீக்கினார். அப்போது எனக்கு நன்னூல் நினைவு வந்தது. வாழையும் பழமும் சேர ஒற்றுத் தோன்றுகின்றது. பொன்னும் குடமும் சேர எழுத்துத் திரிகின்றது. மரமும் வேரும் சேர எழுத்துக் கெடுகின்றது. தோன்றல், திரிதல், கெடுதல் என யான் பல்லாண்டு கற்பித்த மூன்றும் அங்கே எண்ணெய் படிந்த கைகளில் நிகழ்ந்தன. புதிதாய் வருவது மட்டும் மாறினால் போதாது. இருப்பதும் சிறிது இடங்கொடுத்தல் வேண்டும்.

மாலையில் எஞ்சின் உயிர்பெற்றது. திண்ணையில் இருந்த தமையனார் கண்களை மூடிச் சற்று நேரம் கேட்டார். "தம்பி, இது நம் எஞ்சின் ஒலியன்று, ஆனால் நல்ல எஞ்சின்" என்றார். பின்னர் அந்த ஈரத்துணியை என் கையில் கொடுத்தார். புதிய எண் பதிவுச் சான்றில் முறைப்படி ஏறியது.

மாணவச் செல்வங்களே! வாழ்வில் நீங்கள் பலவற்றை இழப்பீர்கள். சிலவற்றை உங்கள் கவனக்குறைவாலேயே இழக்கவும் கூடும். இழந்ததற்கு ஈடு தேடுங்கால் வலியதைத் தேடாதீர், எளிதில் வருவதையும் தேடாதீர், பொருந்துவதைத் தேடுங்கள். அது நேரிய வழியில் வரும் வரை பொறுத்திருங்கள். யான் இப்பொழுது வண்டி ஓட்டும்போது செய்யுளைப் பற்றிப் பேசுவதில்லை. முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகின்றேன்.