நிற்பதும் ஒரு காப்பு

பனிச்சறுக்கு விளையாட வருவோரை மலையுச்சிக்கு ஏற்றிச் செல்லும் தொங்கு நாற்காலி, வாழைத்தாரிலிருந்து பிறந்தது என்றால் நம்பக் கடினமாக இருக்கும். யூனியன் பசிபிக் இரயில் நிறுவனத்தின் பொறியாளர் ஜேம்ஸ் கரன், கப்பலில் வாழைத்தார்களைக் கொக்கிகளில் மாட்டி ஏற்றும் முறையை மனத்திற்கொண்டு, கொக்கிக்குப் பதிலாக நாற்காலியைத் தொங்கவிட்டார். 1936-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துச் சன் வேலியில் அது ஓடத் தொடங்கியது. தாருக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான்: பாதிவழியில் நின்றுவிட்டால் தார் அஞ்சுவதில்லை.

மின்சாரம் போனால் என்ன நேரும்? ஏறும் பக்கத்து நாற்காலிகளில் ஆட்கள் அமர்ந்திருப்பர்; இறங்கும் பக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். இழுக்கும் மோட்டார் ஓய்ந்த கணமே, பாரமான பக்கம் வடத்தைப் பின்னோக்கி இழுக்கும். தடுப்பார் இல்லையெனில் வரிசை முழுவதும் அடிவாரம் நோக்கி வேகமெடுக்கும். ஆகவே, வடத்தைச் சுழற்றும் பெருஞ்சக்கரத்தின் தடைக்கட்டைகளை அழுத்தும் வேலையைச் சுருள்வில்லிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அவ்வில்லை அடக்கி, கட்டையை விலக்கி வைத்திருப்பது எண்ணெயின் அழுத்தம். மின்சாரம் போனதும் அவ்வழுத்தம் விடுபட, தடை தானாக விழும். ஓடுவதற்குத்தான் ஆற்றல் வேண்டும், நிற்பதற்கு வேண்டியதில்லை.

இமயச் சாரலில் ஒரு பனித்தலத்தில், உடன்பணியாற்றும் இயற்பியல் ஆசிரியரோடு நாம் கூண்டில் ஏறிச் சென்றபோது மின்சாரம் அற்றது. கீழே பைன் மரங்களின் முடிகள்; காற்றில் கூண்டு மெல்ல ஆடிற்று. எதிரே தாயின் மடியிலிருந்த சிறுமி அழத் தொடங்கினாள். நம் முகத்தைக் கண்ட நண்பர், "ஐயா, நின்றதே நல்லது. நிற்காமல் போயிருந்தால்தான் நாம் அஞ்ச வேண்டும்" என்றார். கால் மணி நேரத்திற்குப் பின் எங்கோ டீசல் எஞ்சின் உறுமிற்று. கூண்டு ஆமை வேகத்தில் நகர்ந்தது. அந்த எஞ்சின் நாள் முழுதும் தொழில் நடத்துவதற்கன்று. தொங்குவோரைக் கரை சேர்ப்பதற்கு மட்டுமே. அதுவும் பழுதானால், மீட்புக் குழுவினர் வடத்தின் மேல் கயிறெறிந்து ஒவ்வொருவராக இறக்குவர். கூண்டுக்குச் சுவர் உண்டு. திறந்த நாற்காலியில் பனிக்காற்றில் அமர்ந்திருப்பவருக்கோ ஒவ்வொரு நிமிடமும் உடற்சூடு குறைந்துகொண்டே போகும்.

இத்தனைக்கும் நடுவே பலவீனமான கண்ணி எது? 2018 மார்ச்சில் ஜார்ஜியா நாட்டின் குடௌரியில், மின்தடையால் நின்ற நாற்காலி வரிசை பின்னர் பின்னோக்கி ஓடிற்று. பலர் குதித்தனர், பலர் காயமுற்றனர். மனிதத் தவறே காரணம் எனக் கண்டறிந்தனர். இத்தாலியின் மொத்தரோனே மலையில் நேர்ந்தது இதனினும் கொடிது. அங்கே அவசரத் தடை அடிக்கடி தானே விழுந்து சேவையை நிறுத்திக்கொண்டிருந்தது. அத்தொல்லை தாளாமல், தடை விழாதபடி கவ்விகளை மாட்டிவைத்தனர். 2021 மே 23 அன்று இழுவடம் அறுந்தது. பிடித்து நிறுத்த வேண்டிய தடை விழவில்லை. கூண்டிலிருந்த பதினைவரில் பதினால்வர் மாண்டனர். ஒரு சிறுவன் மட்டுமே பிழைத்தான்.

நின்றுபோகும் இயந்திரத்தால் வரும் இழப்பு கண்ணுக்குத் தெரிகிறது: கலையும் வரிசை, திருப்பித் தர வேண்டிய கட்டணம், பயணிகளின் முணுமுணுப்பு. அது நின்றதால் நேராமற்போன சாவை எண்ணிக் காட்ட எந்தக் கணக்கேடும் இல்லை. கவ்வியை மாட்டிய கை கொடியவனின் கையாக இருந்திருக்க வேண்டியதில்லை. பொறுமையிழந்த கையாக இருந்தாலே போதும். 'ஏன் இன்னும் கிளம்பவில்லை?' என்று கீழே நின்று கேட்கும் நம் குரலும் அக்கையை உந்துகிறது என்றே நமக்குத் தோன்றுகிறது.