கிளிப்பில் தொங்கிய பொங்கல்

மார்கழி பாதி தாண்டியதும் ஓசூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள கடைகளில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டிவிடுவார்கள். கயிறு முழுக்கப் பொங்கல் வாழ்த்து அட்டைகள், துணி கிளிப் போட்டுத் தொங்கும். பெரும்பாலும் சிவகாசியில் அச்சானவை. பொங்கி வழியும் பானை, பக்கத்தில் கரும்பு, கொம்பில் வர்ணம் பூசிய மாடு என்று ஒரு வரிசை. முருகன், பிள்ளையார், மாதா என்று ஒரு வரிசை. பையன்கள் மொய்ப்பது மூன்றாவது வரிசையில்: ரஜினி, கமல், விஜயகாந்த், குஷ்பு, கபில்தேவ், ஸ்ரீகாந்த். நாலணாவுக்குச் சின்ன அட்டை, எட்டணாவுக்குக் கொஞ்சம் பெரிசு. ஜிகினா தூவியது வேண்டுமென்றால் வீட்டில் ரெண்டு நாள் நச்சரிக்க வேண்டும்.

80களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் ஓசூரில் படித்த எங்களுக்குப் பிப்ரவரி 14 என்றால் அது வெறும் தேதி. 1999-ல் ‘காதலர் தினம்’ என்ற பெயரிலேயே படம் வந்த பிறகுதான் எங்கள் தெருப் பக்கம் அந்தப் பேச்சு பரவியது. மனசில் இருப்பதை அட்டையில் எழுதி இன்னொருவர் கையில் கொடுக்க எங்களுக்கு வாய்த்த ஒரே நாள், பொங்கல் லீவுக்கு முந்தைய கடைசி வகுப்பு நாள்.

எங்கள் வகுப்பை நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டை வந்து, 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும் ஓடத் தொடங்கி, அதன் பின்னால் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்த டைட்டன் கடிகார ஆலையும் வந்திருந்த காலம். திருநெல்வேலி, மதுரை, கோயம்புத்தூர் என்று எங்கிருந்தெல்லாமோ வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் ஒரு பெஞ்சில். பாகலூர், கெலமங்கலம் பக்கத்துத் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள், தளிப் பக்கத்துக் கன்னட வீட்டுப் பிள்ளைகள், வீட்டில் உருது பேசும் பிள்ளைகள் அடுத்தடுத்த பெஞ்சில். வெளியூர்க்காரர்களான எங்களுக்கு இங்கே மாமா, அத்தை, சித்தப்பா என்று யாரும் கிடையாது. பண்டிகை என்றால் தாத்தா வீட்டிலிருந்து வரும் அட்டைதான் சொந்தம். மூடாத உறையின் மேல் ‘புக் போஸ்ட்’ என்று எழுதி, குறைந்த தபால்தலை ஒட்டி அனுப்பியிருப்பார்கள். தபால்காரர் சைக்கிள் தெருமுனை திரும்பும்போதே எங்களுக்குக் கால் நிற்காது. பக்கத்து வீட்டுக்கு வந்து நமக்கு வராத நாளில் முகம் தொங்கிப்போகும். அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளும் இடமாக இருந்தது பள்ளிக்கூடம்.

அங்கே கணக்கு ரொம்பக் கறார். யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பட்டியல். கொடுத்தவனுக்குத் திருப்பிக் கொடுக்காவிட்டால் பேச்சுவார்த்தை முறியும். ரஜினி ரசிகனுக்குக் கமல் அட்டை கொடுத்தால் அது வாழ்த்து இல்லை, வம்பு. கணக்கு சாருக்குப் பிள்ளையார், தமிழ் டீச்சருக்குக் கோலமும் பானையும். பின்பக்கம் ‘என்றும் அன்புடன்’ என்று எழுதி, கீழே பெயரைச் சுழித்துச் சுழித்துக் கையெழுத்தாகப் போடுவோம். கையெழுத்து என்ற ஒன்றை நாங்கள் பழகியதே அதில்தான்.

காசு இல்லாதவர்களுக்கும் வழி இருந்தது. என் பெஞ்சில் இருந்த ஒருவனின் அப்பா கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. போன வருஷத்துக் கம்பெனி காலண்டரின் வழவழப்பான தாளை அளவாக வெட்டி, படம் இருக்கும் பக்கத்தை உள்ளே மடித்து, வெள்ளைப் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் பானை வரைவான். சோற்றுப் பருக்கையால் ஓரம் ஒட்டுவான். அவன் வரைந்த பானையில் பொங்கல் எப்போதும் ஒரு பக்கமாகவே வழியும், ஏனென்றால் அவன் இடதுகைக்காரன். கடை அட்டையை வாங்கிக்கொண்டு தன் அட்டையைக் கொடுப்பதற்கு அவனுக்குக் கூச்சம். எங்களுக்கோ அவனிடமிருந்து ஒன்று வாங்கிவிட வேண்டுமென்ற போட்டி.

பையன்கள் பெண் பிள்ளைகளுக்கு அட்டை கொடுக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் யாரும் நேரில் கொடுத்ததில்லை. அதனால் பெயர் எழுதாத அட்டைகள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் புத்தகப் பைக்குள் தானாக முளைக்கும். எட்டாவது படிக்கையில் ஒரு பெண்ணின் சமூக அறிவியல் புத்தகத்துக்குள் மயில் படம் போட்ட அட்டை ஒன்று வந்தது. பின்பக்கம் வெறும் ‘பொங்கல் வாழ்த்து’, அவ்வளவுதான். பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. ஆனால் மயில் அட்டை அந்த வருஷம் ஒரே ஒரு கடையில்தான் தொங்கியது. அங்கே ரெண்டு நாளாக வந்து விலை கேட்டு, மூன்றாம் நாள் சில்லறையாக எண்ணி வாங்கிப்போனவன் யாரென்று கடைக்காரருக்குத் தெரியும். கடைக்காரர் மகளும் எங்கள் வகுப்பு. சாயங்கால மணி அடிப்பதற்குள் சேதி டீச்சர் வரை போய்விட்டது. டீச்சர் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பொங்கல் வாழ்த்துதானே சொல்லியிருக்கான், வச்சுக்கம்மா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வகுப்பே ஏமாந்துபோனது. அந்தப் பெண் அட்டையை எடுத்து மறுபடி அதே பக்கத்தில் வைத்தாள்.

பொங்கலும் சங்கராந்தியும் ஒரே நாள். லீவு முடிந்து வகுப்பு திறந்ததும் கன்னட வீட்டுப் பிள்ளைகள் பதில் மரியாதை செய்வார்கள். எள்ளு பெல்லா வரும்: வெள்ளை எள், பொடிசாக நறுக்கிய வெல்லம், கொப்பரை, வறுத்த கடலை, பொட்டுக்கடலை எல்லாம் கலந்த பொட்டலம். கூடவே ஒரு துண்டுக் கரும்பும், அச்சில் வார்த்த சர்க்கரைப் பொம்மையும். எள்ளும் வெல்லமும் தின்று நல்லதாகப் பேசு என்று சொல்லிக் கொடுப்பது அவர்கள் வழக்கம். எங்கள் அட்டைக்கு ஈடாக அவர்கள் பொட்டலம். அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்வோம், பொட்டலம் அடுத்த மணி அடிக்கும் முன்பே காலி.

இதில் மறக்க முடியாதது 1992 பொங்கல். அதற்கு முந்தைய மாதம்தான் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியாகி, பெங்களூரில் தமிழர்கள் மேல் கலவரம் மூண்டிருந்தது. அங்கிருந்து கிளம்பியவர்கள் எல்லை தாண்டி ஓசூர் வழியாக வந்தார்கள். அத்திப்பள்ளி பக்கம் போகவே ஆட்கள் பயந்தார்கள். வீடுகளில் பெரியவர்கள் பேச்சில் ‘அவங்க’, ‘நாம’ என்ற பிரிப்பு புதிதாக வந்து உட்கார்ந்தது. அந்த ஜனவரியிலும் வகுப்பில் பட்டியல் போட்டோம், அட்டை கொடுத்தோம். லீவு முடிந்ததும் எள்ளு பெல்லா வந்தது. எங்கள் பெஞ்சுக்கு மட்டும் வழக்கத்தைவிடப் பெரிய பொட்டலம். “அவ்வா கொடுத்தாங்க” என்றான், அதைக் கொண்டுவந்த கன்னட வீட்டுப் பையன். வேறு எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனதும் அம்மா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கே சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தூக்குவாளியில் அவன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.

அப்புறம் செல்போன் வந்தது, எஸ்.எம்.எஸ். வந்தது. ஊருக்கே ஒரே வாழ்த்தை ஒரே நிமிடத்தில் அனுப்ப முடிந்தது. கயிறு கட்டும் கடைகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, அந்த இடத்தில் ரீசார்ஜ் கார்டும் பிறகு செல்போன் கவரும் தொங்கின.

வேடிக்கை என்னவென்றால், அட்டை மறைந்த இதே ஊர்தான் உலகத்தின் காதலர் தினத்துக்குப் பூ அனுப்புகிறது. ஓசூரின் குளிர்ச்சி ரோஜாவுக்குத் தோது. அமுதகொண்டப்பள்ளி தான்ஃப்ளோரா பூங்காவிலும், சுற்றுவட்டார பசுமைக்குடில்களிலும் டிசம்பர் மத்தியில் செடியைக் கவாத்து செய்வார்கள். சுமார் 45 நாள் கழித்து, பிப்ரவரி முதல் வாரத்தில் மொட்டு சரியாகக் கைக்கு வரும். ‘தாஜ்மகால்’ ரகச் சிவப்பு ரோஜா இருபது இருபதாகக் கட்டாகி, குளிரூட்டிய வண்டியில் பெங்களூர் விமான நிலையம் போய், அங்கிருந்து வெளிநாடு பறக்கும். பறிக்கிறவர், தரம் பிரிக்கிறவர், பெட்டி கட்டுகிறவர் பலர் எங்கள் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். யாரோ யாருக்கோ கொடுக்கப்போகும் பூ அது.

எனக்கு அட்டையின் மேல் ஏக்கம் இல்லை. அது நாலணாத் தாள். இவனுக்கு எந்தப் படம் பிடிக்கும், இவளுக்கு என்ன எழுதலாம் என்று ஒவ்வொரு ஆளாக நினைத்துக்கொண்டு கயிற்றுக்கு முன்னால் நின்ற நேரத்தின் மேல்தான் ஏக்கம். இன்றைய ஃபார்வர்டு வாழ்த்தில் எல்லாம் இருக்கிறது, அந்த நேரம் மட்டும் இல்லை.

இப்போது ஓசூர்ப் பள்ளிகளில் பீகார், ஒடிசா, ஜார்கண்ட் பிள்ளைகள் படிக்கிறார்கள். அன்றைக்குத் திருநெல்வேலிப் பிள்ளைகள் இருந்த நிலையில் இன்றைக்கு அவர்கள் இருக்கிறார்கள்: அப்பா கம்பெனியில், தாத்தா பாட்டி எங்கோ தூரத்தில். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் பொங்கல் லீவுக்கு முந்தைய நாள், கடைசி இரண்டு பீரியடைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். ஆளுக்கு ஒரு தாளும் கலர் பென்சிலும் கொடுங்கள். தன் வீட்டு மொழி பேசாத ஒரு பிள்ளைக்கு வாழ்த்து வரைந்து கையில் கொடுக்கச் சொல்லுங்கள். பெயர் எழுதச் சொல்லி மட்டும் வற்புறுத்தாதீர்கள்.